சூரியநெல்லி மண்ணும் மின்சாரமும்

மின்சாரம் என்றதும் நம் நினைவுக்கு வருவன செம்புக் கம்பியும், கண்ணாடி விளக்கும், சுழலும் விசிறியுமே. காலின் கீழே கிடக்கும் மண்ணை யாரும் நினைப்பதில்லை. ஆயினும் ஒரு துணைமின் நிலையத்தைக் கட்ட முனையும் பொறியாளர் கம்பியையும் மின்மாற்றியையும் பற்றி யோசிக்குமுன் மண்ணைப் பற்றித்தான் விசாரிக்கிறார். "இந்த மண் மின்சாரத்தை எவ்வளவு எளிதாக உள்ளே விடும்?" என்பதே அவருடைய முதற் கேள்வி. அக்கேள்விக்கு விடை காணும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பொதுப்படச் சொல்லிப் போனால் சுவை இராது. ஆதலால் ஓர் ஊரைக் கண்முன் நிறுத்திக்கொண்டு பேசுவோம்.

அவ்வூர் சூரியநெல்லி. இடுக்கி மாவட்டம், தேவிகுளம் வட்டம், சின்னக்கானல் பகுதியில் உள்ளது. கேரளத்தைச் சேர்ந்ததேயானாலும் தேயிலைத் தோட்டத்து லயங்களில் காலை முதல் மாலை வரை ஒலிப்பது நம் தமிழ்தான். கொழுக்குமலைக்கு ஜீப் புறப்படும் இடம் என்று சுற்றுலாச் செல்வோர் இதனை அறிவர். மலை விளிம்பில் நின்றால் கீழே தேனி மாவட்டத்துச் சமவெளி பரந்து கிடக்கும். அருகிலேயே ஆனையிறங்கல் நீர்த்தேக்கம். அதன் நீர் பன்னியாறு மின் திட்டத்துக்குப் பயன்படுகிறது. கேரளத்தின் முதல் நீர்மின் நிலையமாகிய பள்ளிவாசல் 1940-இல் இயங்கத் தொடங்கியதும், 780 மெகாவாட் ஆற்றல் கொண்ட இடுக்கி நிலையம் 1976-இல் தொடங்கியதும் இதே மாவட்டத்தில்தான். மின்சாரம் பிறக்கின்ற மலை இது. ஆனால் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்குவது இம்மலையில் மிகக் கடினம். ஏன் என்று பார்ப்போம்.

முதலில் மின்சாரத்தை மண்ணுக்குள் ஏன் இறக்க வேண்டும்? நாம் வழக்கில் 'எர்த்' என்று சொல்லும் தரைத்தொடர்பு இரண்டு வேலைகளைச் செய்கிறது. மின்னல் விழுந்தாலும், உயரழுத்தக் கம்பி அறுந்து விழுந்தாலும் அந்த மின்னோட்டத்துக்குப் பூமிக்குள் செல்ல ஒரு வழி வேண்டும். அது முதல் வேலை. வீட்டில் இஸ்திரிப் பெட்டியின் உள்ளே கம்பி உரசி இரும்பு உடம்பில் மின்சாரம் ஏறிவிட்டால், அந்த மின்சாரம் எர்த் வழியாகப் பாய்ந்து, பியூஸை எரித்து, இணைப்பைத் துண்டிக்க வேண்டும், இது இரண்டாவது. இந்த இரண்டாவது வேலை நடைபெற எர்த்தின் தடை மிகக் குறைவாக இருந்தாக வேண்டும். தடை அதிகமானால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போடலாம். வீட்டு எர்த்தின் தடை 167 ஓம், மின்மாற்றியின் எர்த் 5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டை 172-ஆல் வகுத்தால் கிடைப்பது 1.3 ஆம்பியர். ஐந்து ஆம்பியர் பியூஸ்கூட இதற்கு அசையாது. இஸ்திரிப் பெட்டியோ 220 வோல்ட்டுக்கு மேல் ஏறியபடி, தொடுவாரை எதிர்நோக்கிக் காத்திருக்கும். எர்த் கம்பி உண்டு, எர்த் குழியும் உண்டு, பாதுகாப்பு மட்டும் இல்லை!

அந்த 167 ஓம் எங்கிருந்து வந்தது? கம்பியிலிருந்து அன்று, மண்ணிலிருந்து. மூன்று மீட்டர் நீளமும் 16 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள கம்பியை, தடைத்திறன் 500 ஓம்-மீட்டர் உள்ள மண்ணில் அடித்தால் வரும் தடை அது. கம்பி தங்கத்தால் ஆனதாயினும் இந்த எண் மாறாது.

தடைத்திறன் என்ற சொல்லுக்கு இங்கே விளக்கம் வேண்டும். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் உள்ள மண் கட்டி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டிலும் உலோகத் தகடு ஒட்டி அளந்தால் எத்தனை ஓம் தடை காட்டுமோ, அத்தனை ஓம்-மீட்டர் அம்மண்ணின் தடைத்திறன். கடல்நீருக்கு இது 0.2 அளவில் இருக்கும். ஈரமான களிமண்ணுக்குப் பத்து, இருபது, ஐம்பது. செம்புறை மண்ணுக்குச் சில நூறு முதல் ஆயிரத்துக்கு மேலும். உடையாத கருங்கல்லுக்கு ஆயிரக்கணக்கிலிருந்து இலட்சம் வரை. இயற்கையில் வேறெந்தப் பண்பும் இவ்வளவு அகன்ற எல்லைக்குள் ஊசலாடுவது அரிது. ஆதலால்தான் மண்ணைக் கண்ணால் பார்த்து மதிப்பிடுதல் இயலாது. அளந்தே தீர வேண்டும்.

மழை கொட்டும் மலையில் மண் எப்போதும் ஈரமாகத்தானே இருக்கும், பிறகு ஏன் தடை அதிகம் என்ற ஐயம் எழலாம். தோட்டங்களில் நெடுநாள் வேலை பார்த்த எலெக்ட்ரீஷியன் ஒருவரும் இதையேதான் கேட்டார்: "ஏன் தம்பி, ஆறு மாசம் அட்டை கடிக்கிற மழை பெய்யுது. ஈரத்துக்கா பஞ்சம்? அப்புறம் எர்த்து ஏன் நிக்க மாட்டேங்குது?" நல்ல கேள்வி. இதற்கு விடை தெரிந்துவிட்டால் இத்துறையில் பாதி தெரிந்ததாகும்.

மண்துகள் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. மணலும் கல்லும் இயல்பில் கடத்தாப் பொருள்கள். துகள்களுக்கு இடையே தங்கியிருக்கும் நீரே மின்சாரத்தைக் கடத்துகிறது. அந்த நீரும் தூய நீராக இருந்தால் கடத்தாது. அதில் கரைந்துள்ள உப்புகளின் அயனிகளே மின்னோட்டத்தைச் சுமந்து செல்கின்றன. ஆகவே ஈரம் மட்டும் போதாது. ஈரத்தில் உப்பும் வேண்டும். பருவந்தோறும் பெய்யும் பெருமழை மலைச்சரிவின் மண்ணைக் கழுவிக் கழுவி, கரையக்கூடிய உப்புகளை ஓடைக்கும் ஆற்றுக்கும் கொண்டுபோய்விடுகிறது. எஞ்சுவது உப்பற்ற, அமிலத்தன்மை கொண்ட மண். தேயிலைச் செடிக்கு அமில மண் உகந்தது. ஆகையால் தோட்டம் செழிக்கிறது. எர்த்துக்கு அதே மண் பகை. இதன்மேல், அந்த மண்போர்வையும் தடித்ததன்று. சற்றே தோண்டினால் பல இடங்களில் நைஸ், கிரானைட் பாறை தட்டுப்படும். மலைச்சரிவில் நீரும் தங்குவதில்லை. தென்மேற்குப் பருவ மழையில் சொட்டச் சொட்ட நனையும் மேடு, மாசி பங்குனியில் தூசி பறக்க நிற்கும். மண்ணின் ஈரம் நூற்றுக்குப் பதினைந்துக்கும் கீழே இறங்கும்போது தடைத்திறன் படிப்படியாக அன்றி மடமடவென்று ஏறுகிறது. மார்கழியிலும் தையிலும் மூணாறுப் பக்கம் உறைபனி விழுகிறதே, அது மண்ணைக் கெடுக்காதா என்று சிலர் கேட்பர். உறைந்த நீர் கடத்தாது என்பது உண்மைதான். ஆனால் நம் மலைகளில் பனி உறைவது புல்லின் மேலும் மண்ணின் மேற்பரப்பிலும் மட்டுமே. ஆழத்துக்கு அது செல்வதில்லை.

இதே கேரளத்தின் பாலக்காட்டுக்குப் போவோம். சிற்றூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியில் கோவையை ஒட்டிக் கரிசல் நிலம் உண்டு. கரிசல் உப்பையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும் களிமண். அங்கே ஓர் இரும்புக் குழாயை அடித்தால் கிடைக்கும் பயனை, சூரியநெல்லியில் இருபது முப்பது குழாய் அடித்தாலும் பெறுதல் அரிது. ஒரே மாநிலம், ஒரே விதிநூல், ஒரே வகைக் குழாய். மண் மட்டும் வேறு. சமவெளியில் பழகிய குழியின் அளவை மலைக்கு அப்படியே எடுத்துச் செல்லும் வழக்கம் இன்றும் இருக்கிறது. இது வெறும் சோம்பல் என்பது என் எண்ணம்.

இனி அளக்கும் முறைக்கு வருவோம். பூமிக்கு மின்சாரம் ஊட்டி அதன் உட்புறத்தை அறிய முற்பட்டோரில் முன்னோடி பிரெஞ்சு நாட்டுக் கான்ராட் ஷ்லம்பெர்ஜே. 1912-இல் நார்மண்டியில் அவர் முதற் சோதனை செய்தார். அவர் தேடியது கனிமம். அமெரிக்கத் தர நிர்ணய நிலையத்தில் பணிபுரிந்த பிராங்க் வென்னர் 1915-இல் நான்கு முளை முறையை வெளியிட்டார். நூறாண்டு கடந்தும் உலகெங்கும் அம்முறையே முதன்மையாக வழங்குகிறது. 1966-இல் முதலில் வெளிவந்து, 2018-இல் திருத்தம் பெற்ற நம் இந்தியத் தர நூலாகிய ஐ.எஸ். 3043-உம் இதனையே கூறுகிறது. ஆழ்துளைக் கிணறு வெட்டுமுன் நிலத்தடி நீர் பார்க்க வருவோர் நான்கு இரும்பு முளைகளை வரிசையாக அடித்துக் கம்பி இழுப்பதை ஊர்ப்புறத்தில் கண்டிருப்பீர்கள். அதுவும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

நான்கு முளைகளை ஒரே நேர்கோட்டில், சம இடைவெளியில் அடிக்க வேண்டும். இடைவெளியை 'அ' மீட்டர் என்போம். வெளிமுளைகள் இரண்டின் வழியாக மண்ணுக்குள் மின்னோட்டம் செலுத்தப்படுகிறது. உள்முளைகள் இரண்டுக்கும் இடையே எழும் மின்னழுத்தம் அளக்கப்படுகிறது. அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் ஒரு தடை கிடைக்கும். கருவியே அதனை ஓம் கணக்கில் காட்டிவிடும். அத்தடையை 'அ'-வால் பெருக்கி, மேலும் 6.28-ஆல் பெருக்கினால் மண்ணின் தடைத்திறன்.

நான்கு முளை எதற்கு, இரண்டு போதாதா? போதாது. முளைக்கும் மண்ணுக்கும் உள்ள தொடுதடை நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரக்கணக்கில் இருக்கும். இரண்டே முளையால் அளந்தால் நாம் அளப்பது மண்ணை அன்று, முளை பதிந்த பள்ளத்தை. உள்முளைகளில் ஏறக்குறைய ஓட்டமே இல்லை. ஆகையால் அவற்றின் தொடுதடை கணக்கைக் கெடுப்பதில்லை. வென்னர் முறையின் அழகு இதில் இருக்கிறது.

அந்த 6.28 எப்படி வந்தது என்று கணித நண்பர்கள் கேட்பார்கள். ஒரு புள்ளியில் நுழையும் மின்னோட்டம் தரைக்குள் அரைக்கோளமாக விரிகிறது. ஆகவே அப்புள்ளியிலிருந்து ஒரு தூரத்தில் உள்ள மின்னழுத்தம், தடைத்திறனையும் ஓட்டத்தையும் பெருக்கி, அத்தூரத்தின் 2π மடங்கால் வகுத்ததாகும். உள்முளை ஒவ்வொன்றும் ஒரு வெளிமுளைக்கு 'அ' தூரத்திலும் மற்றொன்றுக்கு இருமடங்கு தூரத்திலும் இருக்கிறது. ஒன்று ஓட்டம் நுழையும் முளை, மற்றொன்று வெளியேறும் முளை. ஆகவே குறியை மாற்றிக் கூட்டிக் கழித்தால் பின்னங்கள் எல்லாம் அடிபட்டு, 2π-உம் 'அ'-உம் மட்டும் எஞ்சும். ஒரு தாளில் ஐந்து நிமிடத்தில் போட்டுப் பார்க்கலாம். முளையின் ஆழம் இடைவெளியில் இருபதில் ஒரு பங்குக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது மட்டும் இதிலுள்ள நிபந்தனை. ஆழமாக அடித்தால் அது புள்ளி ஆகாது.

கருவி நேர்மின்னோட்டத்தைப் பயன்படுத்துவதில்லை. பயன்படுத்தினால் முளையின் மேல் மின்பகுப்பு நிகழ்ந்து அளவு கெடும். நம் வீட்டு மின்சாரத்தின் 50 சுழற்சியையும் பயன்படுத்துவதில்லை. மண்ணில் ஏற்கெனவே அலைந்துகொண்டிருக்கும் கசிவு மின்னோட்டம் அதனோடு கலந்துவிடும். பழைய கைச்சுழற்சி மெக்கர் கருவியில் கைப்பிடியைச் சுற்றச் சுற்றத் திசை மாறி மாறிச் செல்லும் ஓட்டம் பிறக்கும். இன்றைய கருவிகள் மின்கலத்தில் ஓடி, நூறுக்கு மேற்பட்ட ஒரு தனிச் சுழற்சியில் அளக்கின்றன.

இடைவெளியை மாற்றி மாற்றி அளப்பதுதான் இம்முறையின் உயிர். முளைகள் நெருக்கமாக இருந்தால் ஓட்டம் மேல்மண்ணிலேயே வளைந்து சென்றுவிடும். அகல வைத்தால் ஆழத்துக்குப் போய் மீளும். ஆகவே 1, 2, 4, 8, 16, 32 மீட்டர் என்று அகற்றிக்கொண்டே போனால் மண்ணை மேலிருந்து கீழாக உரித்துப் பார்த்ததுபோல் ஆகும். பாறை மேல் மண் படிந்த சரிவொன்றில் எப்படி வரும் என்பதைக் காட்டச் சில எண்களை நானே அமைத்துத் தருகிறேன். இவை எடுத்துக்காட்டுக்கு மட்டுமே. ஒரு மீட்டரில் கருவி 48 ஓம் காட்டுகிறது, தடைத்திறன் 301. இரண்டில் 27 ஓம், 339. நான்கில் 18, 452. எட்டில் 13; 653. பதினாறில் 9.5, 955. முப்பத்திரண்டில் 6.3, 1,267.

இங்கே கூர்ந்து நோக்குக. கருவி காட்டும் ஓம் இறங்கிக்கொண்டே போகிறது; தடைத்திறனோ ஏறிக்கொண்டே போகிறது. ஓம் எண்ணை மட்டும் பார்ப்பவர் "ஆழத்தில் மண் நன்றாக இருக்கிறது" என்று எழுதிவிடுவார். உண்மை நேர்மாறு. கீழே பாறை. அந்த ஒரு பெருக்கலைச் செய்யாமல் விட்டால், ஆழமாகக் குழாய் இறக்கச் சொல்லிப் பெரும் பணம் செலவழிக்கும் திட்டம் பிறக்கும். பாறையைத் துளைத்துக் குழாயை வைத்தும் எர்த் கிடைக்காது.

வயலில் இவை யாவும் எளிது. தேயிலைச் சரிவில் அப்படியன்று. முப்பத்திரண்டு மீட்டர் இடைவெளி என்றால் முதல் முளைக்கும் கடைசி முளைக்கும் 96 மீட்டர். அந்த நேர்கோடு வரிசை வரிசையான தேயிலைச் செடிகளை ஊடுருவி, ஓடையைத் தாண்டி, பாறையில் முட்டி நிற்கும். சரிவின் குறுக்கே, சம உயரத்தில் செல்லும் கோட்டில் அளப்பது மேல்கீழாக அளப்பதைவிட நம்பத்தக்கது. ஆயினும் ஒரே திசையோடு நிறுத்தலாகாது. நிலையத்தின் நடுவிலிருந்து எட்டுத் திசைகளில் அளக்க வேண்டும் என்பது தர நூலின் விதி. குடிநீருக்குப் புதைத்த இரும்புக் குழாய் அருகே ஓடினால் ஓட்டமெல்லாம் குழாய்க்குள் புகுந்து, மண் மிக நல்லது என்ற பொய்ச்சான்றிதழ் கிடைக்கும். கல் நிறைந்த இடத்தில் முளை ஆடும். அதனடியில் ஒரு குவளை நீர் ஊற்றித் தொடுதடையைக் குறைக்கலாம், அதில் தவறில்லை. நிலம் முழுவதையும் நனைத்துவிட்டு அளப்பதுதான் ஏமாற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, அளக்கும் மாதம் முக்கியம். ஆடியில் அளந்த எண்ணை வைத்துக் கட்டிய எர்த், பங்குனியில் கைவிட்டுவிடும். கோடைமழைக்கு முன்னர் அளந்ததே வடிவமைப்புக்கு உரியது.

எண்கள் கிடைத்தபின் என்ன செய்வது? கம்பி அடித்தால் என்ன தடை வரும் என்பதற்கான சூத்திரங்களை எச். பி. டுவைட் 1936-இல் தொகுத்துத் தந்தார். அதன்படி முன்சொன்ன மூன்று மீட்டர் கம்பி, 100 ஓம்-மீட்டர் மண்ணில் 33 ஓம், 500-இல் 167, 2,000-இல் 670 ஓம். செம்புத் தகடு புதைத்தால் நல்லது என்று பலர் நம்புகிறார்கள். 60 சென்டிமீட்டர் சதுரத் தகடு 100 ஓம்-மீட்டர் மண்ணில் சுமார் 52 ஓம் தருகிறது. விலை குறைந்த கம்பியே மேல்! கரியும் உப்பும் இட்டுக் குழியை நிரப்பும் பழைய பழக்கமும் மழைநாட்டில் நிலைப்பதில்லை. எந்த மழை மண்ணின் உப்பைக் கொண்டுபோயிற்றோ, அதே மழை நாம் இடும் உப்பையும் கொண்டுபோகும். போகும் முன் இரும்பையும் அரித்துவிட்டுப் போகும். ஈரத்தைப் பிடித்து வைக்கும் பென்டோனைட் களிமண் உப்பைவிடப் பன்மடங்கு நீடிக்கிறது.

ஆழத்தில் பாறை, மேலே சுமாரான மண் என்று அளவு காட்டினால் வழி ஒன்றுதான்: ஆழத்தை விட்டு அகலத்துக்குப் போதல். அரை மீட்டர் ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, 50 மீட்டர் நீளக் கம்பியைப் படுக்கவைத்துப் புதைத்தால், 300 ஓம்-மீட்டர் மண்ணில் சுமார் 12 ஓம் கிடைக்கும். அதே மண்ணில் நின்ற கம்பி ஒன்று தருவது 100 ஓம். அடியில் பாறை இருப்பதால் 12 என்பது சற்றே ஏறலாம். இருந்தாலும் ஒப்பில்லாத இலாபம். தேயிலை வரிசைகளின் நடுவே ஓடும் கால்வழியே இதற்குத் தக்க இடம்.

துணைமின் நிலையத்தில் தனிக் கம்பிகள் போதாது. முற்றத்தின் அடியில் கட்டம் கட்டமாக ஒரு வலையே புதைக்கப்படுகிறது. 50 மீட்டர் சதுர முற்றம், 1,200 மீட்டர் கம்பி, மண் 1,000 ஓம்-மீட்டர் என்றால் வலையின் தடை சுமார் 9.7 ஓம். பெரிய நிலையங்களில் ஓர் ஓமுக்குள் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு வழக்கு. இந்த மண்ணில் அது பகற்கனவு. பழுதின்போது 1,000 ஆம்பியர் மண்ணுக்குள் இறங்கினால் முற்றம் முழுவதும், தரை உட்பட, 9,700 வோல்ட் உயரும். படிக்கும்போது அச்சமாக இருக்கும். ஆனால் முற்றமும் அதில் நிற்பவரும் சேர்ந்தே உயர்ந்தால் ஆபத்தில்லை. கம்பியின் மேல் அமர்ந்த காக்கை சாவதில்லை அல்லவா? ஆபத்து வேறுபாட்டில் இருக்கிறது. கையால் இரும்பைத் தொடுபவரின் கைக்கும் காலுக்கும் இடையே எழும் தொடு மின்னழுத்தம், நடப்பவரின் இரு கால்களுக்கும் இடையே எழும் காலிடை மின்னழுத்தம் ஆகிய இரண்டையும் கணக்கிட்டு அடக்க வேண்டும்.

எவ்வளவு அடக்குவது? மனித உடல் எவ்வளவு தாங்கும் என்பதைப் பொறுத்தது அது. இதனை ஆராய்ந்தவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துச் சார்லஸ் டால்சீல். கையில் பற்றிய கம்பியை விட முடியாமற் போகும் எல்லை ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 என்று அவர் கண்டார். உயிருக்கே ஆபத்தான எல்லைக்கு அவர் தந்த விதி, 1961 முதல் வெளிவரும் அமெரிக்க ஐ.இ.இ.இ. 80 என்னும் வழிகாட்டி நூலில் இன்றும் நிற்கிறது. அதில் இரண்டு எண்கள் உண்டு: 50 கிலோ எடையுள்ளவருக்கு 0.116, 70 கிலோ எடையுள்ளவருக்கு 0.157. பழுது நீடிக்கும் நொடிகளின் வர்க்க மூலத்தால் வகுத்தால் தாங்கும் ஆம்பியர் கிடைக்கும். இரண்டில் எதை எடுப்பது என்பது வடிவமைப்பவரின் விருப்பம். 70 கிலோ கணக்கை எடுத்தால் நூற்றுக்கு 35 பங்கு கூடுதல் மின்னழுத்தத்துக்கு அனுமதி, செம்பு மிச்சமாகும். ஆனால் வேலிக்கு வெளியே கூடையைச் சுமந்து செல்பவள் கொழுந்து கிள்ளும் பெண். அவளது எடை 70 கிலோவா? பல தோட்டங்களில் 50 கூட இராது. மலையில் அமையும் நிலையத்துக்கு 70 கிலோ கணக்கை எடுப்பதை நான் ஒப்பமாட்டேன்.

சரளைக் கல்லின் பயனும் இங்கேதான் விளங்கும். துணைமின் நிலையத்து முற்றத்தில் உடைத்த கருங்கல்லைப் பரப்பியிருப்பதைப் பார்த்து, களை முளைக்காதிருக்க என்று எண்ணுவோர் உண்டு. நனைந்தாலும் அதன் தடைத்திறன் 3,000 ஓம்-மீட்டர் அளவில் நிற்கும். பாதத்தின் அடியில் ஒரு தடுப்பாக அமைகிறது. 1,000 ஓம்-மீட்டர் மண்ணில், அரை நொடிப் பழுதுக்கு, 50 கிலோ எடையுள்ளவர் தாங்கும் தொடு மின்னழுத்தம் 410 வோல்ட். பத்து சென்டிமீட்டர் சரளை பரப்பினால் ஏறக்குறைய 750. இக்கணக்கில் வெறுங்கால் என்றே கொள்ளப்படுகிறது; செருப்பை நம்புவதில்லை.

சரளையால் காக்க முடியாத ஒன்று உண்டு. நிலையத்து முற்றத்திலிருந்து ஓர் இரும்புக் குழாயோ வேலிக் கம்பியோ வெளியே சென்று லயத்துக் குழாயடியில் முடிந்தால், பழுதின்போது அந்த 9,700 வோல்ட்டில் பெரும்பகுதி அக்குழாயோடு பயணம் செய்து, குடம் நிரப்புபவரின் கையில் இறங்கும். அதனால்தான் எல்லையைத் தாண்டும் இடத்தில் பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகுகிறார்கள். சில நூறு ரூபாய் வேலை.

இடியைப் பற்றிச் சொல்லாமல் இம்மலையைக் கடக்க இயலாது. சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடி இம்மலைகளுக்குப் பழக்கமானது. இடுக்கியிலிருந்து உடுமலைப்பேட்டைக்குச் செல்லும் 220 கிலோவோல்ட் மின்தொடர் போன்றவை மலைமுகடுகளை ஏறி இறங்கித்தான் போக வேண்டும். முகட்டில் நிற்கும் கோபுரத்தின் மேல் 30,000 ஆம்பியர் மின்னல் விழுந்து, கோபுரத்தின் காலடித் தடை 50 ஓம் என்றால், கோபுரமே 1,500 கிலோவோல்ட்டுக்கு எழும். இத்தகைய தொடரின் பீங்கான் வரிசை தாங்குவது ஏறத்தாழ 1,000. ஆகவே மின்சாரம் கோபுரத்திலிருந்து கம்பிக்குப் பாய்ந்து, தொடர் துண்டிக்கப்படும். காலடித் தடை 10 ஓமானால் எழுச்சி 300-இல் அடங்கிவிடும். மேற்கம்பி பகிர்ந்துகொள்ளும் பங்கை விட்டுவிட்ட முரட்டுக் கணக்கு இது. உண்மை நிலையை உணர்த்த இது போதும்.

மின்னல் நேரே மண்ணில் விழுந்தாலோ? 20,000 ஆம்பியர், 1,000 ஓம்-மீட்டர் மண். பத்து மீட்டர் தள்ளி அரை மீட்டர் கால் அகற்றி நிற்பவரின் கால்களுக்கு இடையே கண்ணிமைக்கும் நேரத்துக்குள் சுமார் 15,000 வோல்ட். அதே இடத்தில் முன்காலுக்கும் பின்காலுக்கும் இரண்டு மீட்டர் இடைவெளி உள்ள விலங்குக்கு 53,000. ஓட்டம் அதன் இதயத்தின் வழியாகவே செல்லும். 2016-இல் நார்வே நாட்டுப் பீடபூமியில் 323 பனிமான்களும், 2021 மே மாதம் அசாமின் நகாவ் மாவட்டத்தில் 18 யானைகளும் மின்னலுக்கு இரையாயின. யானைகள் உலவும் சின்னக்கானல் பகுதியில் இக்கணக்கு வெறும் ஏட்டுக் கணக்கன்று. பாலக்காட்டுக் கரிசலில் இதே மின்னலுக்கு இதில் பத்தில் ஒரு பங்கோ அதனினும் குறைவோதான் எழும்.

லயத்துக்குத் திரும்புவோம். தகரக் கூரை, ஈரச் சுவர், வரிசை வீடுகளுக்கெல்லாம் சேர்த்து ஓர் எர்த் குழி. மண் 2,000 ஓம்-மீட்டர் என்றால் ஒற்றைக் கம்பி 670 ஓம். பியூஸை நம்ப வழியே இல்லை. இங்கே கைகொடுப்பது ஈ.எல்.சி.பி. என்று கடைகளில் கேட்டு வாங்கப்படும் கசிவு மின் துண்டிப்பான். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது இணைப்பை அறுத்துவிடும். 50 வோல்ட்டை ஆபத்தின் எல்லையாகக் கொண்டால், 0.03-ஆல் வகுக்க, 1,667 ஓம் வரை எர்த் இருந்தாலும் அது வேலை செய்யும். 670 அதற்குள் தாராளமாக அடங்குகிறது. பியூஸுக்கு ஒவ்வாத மண், இக்கருவிக்கு ஒத்துவருகிறது. மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். பலர் வாங்கிய நாளோடு அதனை மறந்துவிடுகிறார்கள். மின்னலுக்கு மட்டும் இது மருந்தாகாது. அதற்குப் படுக்கைக் கம்பியும், கூரையையும் குழாயையும் எர்த்தோடு பிணைத்தலும் வேண்டும்.

கட்டி முடித்தபின் எர்த்தின் தடையை மறுபடி அளக்க வேண்டும். இதற்கு மூன்று முனை முறை. நிலையத்திலிருந்து நெடுந்தூரத்தில் ஒரு முளை அடித்து ஓட்டம் செலுத்தி, நடுவே மற்றொரு முளையால் அழுத்தம் பார்ப்பார்கள். சீரான மண்ணில் நடுமுளை தூரத்தின் 61.8 விழுக்காட்டில் இருந்தால் உண்மைத் தடை கிடைக்கும். 50 மீட்டர் சதுர முற்றத்தின் மூலைவிட்டம் 71 மீட்டர்; வெளிமுளை அதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 350 மீட்டர் தள்ளி இருத்தல் நலம். தேயிலைக் காட்டில் அவ்வளவு கம்பி இழுப்பதற்கு இரண்டு ஆளும் ஒரு முற்பகலும் வேண்டும். மண் சீராக இல்லாத மலையில் நடுமுளையை ஓரிடத்தில் வைத்து எண்ணைக் குறித்துக்கொண்டு வந்துவிடக் கூடாது. முன்னும் பின்னும் நகர்த்தி, எண் மாறாமல் நிற்கும் இடம் உண்டா என்று பார்க்க வேண்டும். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் மின்வழங்குவோர் இச்சோதனையை இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. அதில் நாளும் குறித்திருந்தார்கள்: வறண்ட பருவத்தில், வறண்ட ஒரு நாளில்.